மாடிவீட்டுக்காரர்

கைக்கடிகாரம் கிணுகிணுத்ததும் சொல்லிக்கொண்டிருந்ததைப் பாதியில் விட்டுவிட்டுக் கழிப்பறைப் பக்கம் நடக்கிறார். திரும்பி வந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடர்கிறார். கோபித்துக்கொள்ள முடியுமா? சிறுநீர் முட்டுவது அவருக்குத் தெரியாது. கடிகாரம் சொன்னால்தான் உண்டு.

எங்கள் கட்டட வேலையில் கிரேன் ஓட்டுபவர். வாழ்க்கையே உயரத்தில் என்பதால் ‘மாடிவீட்டுக்காரர்’. புற்றுநோய் என்று போன வருடம் சிறுநீர்ப்பையையே எடுத்துவிட்டார்கள். சிறுகுடலில் ஒரு முழம் வெட்டி, புதுப் பை தைத்து வைத்தார்கள். “பாவம், சாப்பாட்டு இலாகாவுல இருந்துச்சு, தண்ணி இலாகாவுக்கு மாத்திட்டாங்க. புது ஆளு, வேலை பழக வேணாமா?” என்பார்.

பழக்கினார். முதலில் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை, பிறகு கால்மணி கால்மணியாகக் கூட்டி நான்கு. உட்கார்ந்து, வயிற்றை முக்கித்தான் போக வேண்டுமாம். இதையெல்லாம் சாப்பாட்டு நேரத்தில்தான் விளக்குவார். நான் டிபன் பெட்டியை மூடிவிடுவேன். இருமல் வந்தால் மட்டும் கப்சிப். தொடைகளை இறுக்கிக்கொண்டு அசையாமல் நிற்பார். அப்போது அவர் முகத்தைப் பார்க்க எனக்கு மனசு வராது.

பதினான்கு மாதமாகத் தரையில் கொக்கி மாட்டும் வேலை. “கீழ நிக்கிறது வாடகை வீட்ல இருக்கற மாதிரி இருக்குங்க.” மேலே கழிப்பறை கிடையாது, ஏறினால் நான்கு மணி நேரம் இறங்க முடியாது. ஒரு காலைப்பொழுது ஏற்றிப் பார்ப்போம், சரிப்படாவிட்டால் இனி தரைதான் என்று மேற்பார்வையாளர் கறாராகச் சொல்லிவிட்டார்.

நேற்று அந்தக் காலை. விடிந்ததிலிருந்து மனிதர் சொட்டுத் தண்ணீர் குடிக்கவில்லை. எங்கள் சாப்பாட்டுக்கூடத்தில் வேலை பார்க்கும் அவர் மனைவி இதைக் கண்டுபிடித்து, ஏணியடியில் தம்ளரோடு வழிமறித்தார்.

“காயப்போட்டு ஜெயிச்சா அது ஜெயிப்பா? தினமும் இப்படித்தான் காய்வீங்களா? குடிங்க.”

“நனைஞ்சுட்டா?”

“நனைஞ்சா துவைச்சுக்கலாம். குடிங்க.”

குடித்தார். ஏறினார்.

கம்பிக் கட்டுகள் பழையபடி அலுங்காமல் வந்து இறங்கின. அண்ணாந்து அண்ணாந்து எனக்குத்தான் கழுத்து சுளுக்கிக்கொண்டது. அவர் மனைவி மேலே பார்க்கவே இல்லை. உரித்த வெங்காயத்தையே மறுபடி உரித்துக்கொண்டிருந்தார்.

நான்கு மணி நேரம் முடிந்து இறங்கினார். எதிரே வந்த மேற்பார்வையாளரைக் கண்டுகொள்ளவில்லை. நேரே மனைவி முன்னால் போய் நின்று, சட்டையை இடுப்புக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு, தையற்காரரிடம் புதுக் கால்சட்டையைக் காட்டுகிறவர்போல மெதுவாக ஒரு சுற்றுச் சுற்றினார். சுற்றி முடித்தபின்தான் கழிப்பறைக்கு ஓடினார்.