மாடியில் ஒரு துண்டு வெயில்

ஸ்டூலில் ஏறி பல்பு மாட்டுவதற்குக்கூட என்னைக் கூப்பிடுகிறவர் என் அண்ணி. மொட்டைமாடியில் துணி காயப்போடும்போது கைப்பிடிச் சுவருக்குப் பக்கத்திலேயே போகமாட்டார். உயரம் என்றால் அவ்வளவு பயம். அவர் இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு மாடியின் விளிம்பில் டிஷ் மாட்டினார் என்றால் எங்கள் சொந்தக்காரர்களே நம்புவதில்லை. அந்தக் கயிற்றை இழுத்துப் பார்த்து முடிச்சுப் போட்டவள் நான். அதனால் எனக்கு நம்புவதைத் தவிர வேறு வழியில்லை.

அண்ணிக்குத் தொழில் தையல். வீட்டின் முன்னறைதான் கடை. என் அண்ணன் சரக்கு வேன் ஓட்டினான். ஞாயிற்றுக்கிழமையானால் வாலிபால் நடுவர். ஊரில் அவனுக்கு ‘விசில்’ என்றே பெயர். ஆட்டக்காரர்கள் கூச்சல் போட்டாலும் முகத்தில் ஒரு சுருக்கம் விழாது. கையை நீட்டிக் காட்டினால் காட்டினதுதான். அந்த வருஷம் வேன் மேல் ஏறித் தார்ப்பாய் கட்டும்போது கால் வழுக்கிக் கீழே விழுந்தான். முதுகெலும்பில் ஆபரேஷன். பல மாதம் அசையாமல் படுத்திருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். பின்னறையில் கட்டில் போட்டோம்.

வலியைக்கூடப் பொறுத்துக்கொண்டான். பேச்சைத்தான் நிறுத்திவிட்டான். சாப்பாடு கொண்டுபோனால் “ம்”. மருந்து கொடுத்தால் “ம்”. கூரையைப் பார்த்தபடியே கிடப்பான். உலக வாலிபால் போட்டி அந்த மாதம் தொடங்கவிருந்தது. அதைப் பார்த்தாலாவது முகம் தெளியும் என்று அண்ணி நினைத்தார்.

ஆனால் எங்கள் வீட்டில் டிவி செத்து வெகுநாள் ஆகியிருந்தது. பக்கத்து மனையில் புதுக் கட்டடம் எழும்ப எழும்ப, படம் முதலில் கட்டம் கட்டமாக உடைந்தது, பிறகு அடியோடு போய்விட்டது. ஒரு சாயங்காலம் டிஷ்காரர் வந்து மாடி முழுக்க நடந்து பார்த்தார். நல்ல மனுஷன், அவசரப்படவில்லை. கடைசியில் அண்ணாந்து பார்த்துவிட்டுக் கையை விரித்தார்.

“சேட்டிலைட் இருக்கிற பக்கம் முழுக்க அந்தக் கட்டடம் மறைக்குதும்மா. டிஷ்ஷுக்கு வானம் தெரியணும். இங்க வானமே இல்ல.”

அதோடு நாங்கள் விட்டுவிட்டோம். அண்ணி மட்டும் மனசுக்குள் விடவில்லை என்பது பிறகுதான் தெரிந்தது.

ஒருநாள் எதிர்த்தெருவில் இருக்கும் ரிட்டயர்டு டீச்சரம்மா தைத்த துணியை வாங்கிப்போக வந்தார். நின்றவாக்கில் ஒரு புலம்பல்.

“எங்க வீட்டு டிவியும் மக்கர் பண்ணுது. நேத்தும் இன்னைக்கும் உச்சிவேளைக்குக் கொஞ்சம் முன்னாடி சொல்லிவச்ச மாதிரி போயிடுச்சு. போன் பண்ணிக் கேட்டா, சூரியன் சேட்டிலைட்டுக்குப் பின்னாடி வந்திருக்கு, தானா சரியாயிடும்ங்கறாங்க. வருஷத்துல ரெண்டு தடவை இப்படி வருமாம்.”

தையல் மிஷின் சத்தம் நின்றது. அண்ணியின் கால் மிதியில் அப்படியே இருந்தது.

“பின்னாடின்னா? நேர் பின்னாடியா?”

“அப்படித்தான் சொன்னாங்க. நம்ம பக்கத்துலருந்து பார்த்தா ரெண்டும் ஒரே இடத்துல இருக்குமாம்.”

“நாளைக்கும் போகுமா?”

“இன்னும் ரெண்டு மூணு நாள் போகுமாம்.”

“அக்கா, ஒரு உதவி பண்ணுங்க. நாளைக்குப் படம் போன உடனே எனக்கு ஒரு போன் அடிங்க.”

டீச்சரம்மா என்னைப் பார்த்தார். நான் உதட்டைப் பிதுக்கினேன். அவர் போன பிறகு அண்ணி என்னிடம் விளக்கினார். டீச்சரம்மா வீட்டிலும் நம் கம்பெனி டிஷ்தான், அதே சேட்டிலைட். படம் போகிற நேரத்தில் சூரியன் நிற்கிற இடம்தான் அது இருக்கிற இடம். அந்த நேரத்தில் நம் மாடியில் எங்கேயாவது ஒரு கைக்குட்டை அளவு வெயில் விழுந்தால் போதும், அங்கிருந்து வானம் தெரிகிறது என்றுதானே அர்த்தம்?

மறுநாள் அண்ணி கையில் துணியில் கோடு போடும் சாக்பீஸோடு மாடியில் நின்றார். மாடி முழுக்கக் கட்டடத்தின் நிழல். எனக்கு நம்பிக்கை இல்லை. போன் அடித்தது. “போச்சு, போச்சு!” என்று டீச்சரம்மா கத்தியது எனக்கே கேட்டது. இருவரும் மாடியைச் சுற்றிச் சுற்றி வந்தோம். நிழல், நிழல், எங்கும் நிழல்.

“அண்ணி, அங்க பாருங்க!”

படிக்கட்டு அறைக்குப் பின்னால், மாடியின் கோடியில், விளிம்பை ஒட்டி ஒரு துண்டு வெயில் கிடந்தது. புதுக் கட்டடத்தின் தண்ணீர்த் தொட்டிக்கும் லிஃப்ட் அறைக்கும் நடுவே இருந்த இடுக்கு வழியாக அது வந்திருந்தது. அகலம் ஒரு பாய் அளவு இருக்கும். அந்த இடத்தில் கைப்பிடிச் சுவர் முழங்காலுக்குமேல் வராது. அண்ணி ஒரு கணம் தயங்கினார். பிறகு தரையில் உட்கார்ந்து, உட்கார்ந்தபடியே நகர்ந்துபோய், வெயிலைச் சுற்றி சாக்பீஸால் கோடு போட்டுவிட்டு அதேபோல் நகர்ந்து திரும்பினார். முகமெல்லாம் வேர்த்திருந்தது. சிரிப்பும் இருந்தது.

“டிஷ்காரர் சாயங்காலம் வந்தாரு. அப்ப வெயில் வேற பக்கம் போயிருக்கும். அவர் மேல தப்பில்ல,” என்றார்.

உடனே டிஷ்காரருக்குப் போன் போட்டார். அவர் வெளியூர் வேலையில் மாட்டிக்கொண்டிருந்தார், வர நாளாகும் என்றார். ஆனால் வெயில் கதையைக் கேட்டதும் உற்சாகமாகி, என்னென்ன வாங்கவேண்டும் என்று போனிலேயே சொன்னார். பழைய டிஷ்ஷே போதும். அதன் முன்னே நீளும் கையின் நுனியில், சிக்னலைப் பிடிக்கும் தலையை மட்டும் மாற்றி, இரண்டு கேபிள் பிரிகிற மாதிரி புதுசு போட்டால் முன்னறை, பின்னறை எங்கே டிவியை வைத்தாலும் படம் வரும். துல்லியமான படத்துக்குப் புது பாக்ஸ் வேண்டும். பழைய கேபிளைத் தொடவே வேண்டாம், உள்ளே பச்சைத் துரு பிடித்திருக்கும்.

எல்லாம் வாங்கி வந்தோம். அண்ணனிடம் சொல்லித்தானே ஆகவேண்டும்? கேட்டதும் வெகுநாள் கழித்து வாயைத் திறந்தான்.

“ஒண்ணும் வேணாம். நான் விழுந்தது போதாதா?”

“விழாம இருக்கத்தான் கயிறு கட்டிக்கறேன்.”

“கயிறு என் கையிலயும்தான் இருந்துச்சு.”

 அண்ணி அவன் போர்வையைச் சரிசெய்துவிட்டு வெளியே வந்து, என்னிடம் “முடிச்சை நீ போடு. நான் போட்டா நானே நம்பமாட்டேன்” என்றார்.

படிக்கட்டு அறையின் இரும்புக் கதவில் கயிற்றைக் கட்டினேன். விளிம்பு வரைதான் எட்டும், அதற்குமேல் ஒரு சாண் எட்டாது. அப்படி அளந்து கட்டினேன். அண்ணி மண்டியிட்டபடியே வேலை செய்தார். டிரில் மிஷினைப் பிடித்துத் தரையில் துளை போட்டார். கம்பத்தை நட்டார். அது நேராக நிற்கிறதா என்று பார்க்க நூலில் கத்திரிக்கோலைக் கட்டித் தொங்கவிட்டார். கத்திரிக்கோல் ஆடி அடங்கியதும், நூலுக்கும் கம்பத்துக்கும் இடைவெளியைக் கண்ணை இடுக்கிப் பார்த்து திருகாணிகளை முடுக்கினார். கால்சட்டை மடிப்புக்குக்கூட அவர் இவ்வளவு மெனக்கெட்டு நான் பார்த்ததில்லை.

மறுநாள் உச்சிவேளைக்கு முன் டீச்சரம்மா மறுபடி போன் அடித்தபோது டிஷ் தயாராக நின்றது. தலையைத் தாங்குகிற கையின் நிழல், டிஷ்ஷின் நட்டநடுவில் விழும்வரை அண்ணி அதைத் திருப்பினார். வெயில் நகர்வதற்குள் திருகாணியை இறுக்கினார்.

பக்கவாட்டுத் திசை அமைந்துவிட்டது, இனி மேல்கீழ்ச் சாய்வை அறையில் படத்தைப் பார்த்துத்தான் சரிசெய்ய வேண்டும். டிவியைப் பின்னறைக்கு மாற்றி, அண்ணன் கண்ணுக்கு நேராக வைத்திருந்தோம். திரையில் இரண்டு பட்டைகள். ஒன்று சிக்னலின் பலம், மற்றொன்று தரம். பலம் நிறைந்து நின்றது. தரம் சுத்தமாக இல்லை. தரம் வந்தால்தான் படம். மேலே அண்ணி டிஷ்ஷை நிமிர்த்துவதும் சாய்ப்பதும், நான் கீழே ஓடிப் பார்ப்பதும், மேலே ஓடிச் சொல்வதுமாக மூச்சு முட்டியது.

“வந்த மாதிரி இருந்துச்சு அண்ணி!”

“எப்போ? மேல தூக்கும்போதா, கீழ இறக்கும்போதா?”

“அதான் தெரியல.”

“நல்லா பார்த்த போ!”

மறுபடி கீழே வந்தபோது அண்ணன் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“நீ ஓடறதுக்குள்ள வந்து போயிடுது. அந்த ஆணியில மாட்டியிருக்குல்ல, அதை எடு.”

விசிலை எடுத்துக் கொடுத்தேன்.

“ஒரு தடவை ஊதினா அதே பக்கம் போகணும். ரெண்டு தடவைன்னா தாண்டிட்டா, திரும்பணும். நீளமா ஊதினா கையை எடுத்துடணும். போய்ச் சொல்லு.” நான் கதவைத் தாண்டும்போது, “மெதுவா பண்ணச் சொல்லு. அவசரமே இல்லன்னு சொல்லு,” என்றான்.

மாடியில் போய்ச் சொன்னேன். அண்ணி டிஷ்ஷில் கையை வைத்தார். ஜன்னல் வழியாகக் கீழேயிருந்து ஒரு விசில். அண்ணி மயிரிழை நகர்த்தினார். இன்னொரு விசில். இன்னும் கொஞ்சம். இரட்டை விசில். திருப்பினார். தெருவில் போகிறவர்கள் அண்ணாந்து பார்த்தார்கள். பிறகு வந்தது நீளமான ஒரு ஊதல். ஆட்டம் முடிந்தால் ஊதுவானே, அந்த மாதிரி. படுத்துக்கிடக்கிறவனுக்கு இவ்வளவு மூச்சு எங்கிருந்து வந்ததோ!

அண்ணி கடைசித் திருகாணியையும் இறுக்கிவிட்டுத்தான் நகர்ந்தார். கயிற்றை அவிழ்த்துவிட்டேன். படிக்கட்டில் உட்கார்ந்து கொஞ்சநேரம் அழுதார். என்ன அண்ணி என்றேன். “கீழ பார்த்துட்டேன்டீ,” என்றார்.

அன்று சாயங்காலம் அறையில் வாலிபால் ஓடியது. பந்தின் தையல்கூடத் தெரிகிற அளவுக்குப் படம் தெளிவு. அண்ணன் படுத்தபடியே டிவியில் வந்த நடுவரோடு சண்டை போட்டான். “கோட்டுக்கு வெளியய்யா அது! கண்ணு எங்க இருக்கு?” அண்ணி கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்து பட்டன் தைத்துக்கொண்டே, “யாரு ஜெயிக்கறாங்க?” என்று கேட்டார். அவன் முழு ஆட்டத்தையும் ஆதியிலிருந்து விளக்கினான். அவருக்குப் பாதி புரியவில்லை. ஆனாலும் கேட்டுக்கொண்டே இருந்தார்.

டிஷ்காரர் ஊர் திரும்பியதும் நேராக எங்கள் மாடிக்குத்தான் வந்தார். இடுக்கைப் பார்த்தார், கம்பத்தை ஆட்டிப் பார்த்தார், அது அசையவில்லை. கேபிளில் மழைத்தண்ணீர் இறங்காமல் இருக்க ஒரு வளைவு மட்டும் விடச் சொல்லி, தன் கையாலேயே அதைச் செய்துகொடுத்தார். அதே கட்டடத்தால் படம் போன வீடுகள் தெருவில் இன்னும் சில இருந்தன. அடுத்த தடவை சூரியன் அந்த இடத்துக்கு வந்தபோது, டிஷ்காரரும் அண்ணியும் மாடி மாடியாகப் போய் வெயில் தேடினார்கள். சில மாடிகளில் கிடைத்தது. கிடைக்காத இடத்தில் கிடைக்காது என்று சொல்லிவிட்டு வந்தார்கள்.

அதற்குள் அண்ணன் எழுந்து நடக்கத் தொடங்கிவிட்டான். வேன் ஓட்டுவதை விட்டுவிட்டு, பிள்ளைகளுக்கு ஆட்டம் சொல்லிக்கொடுக்கிறான். அண்ணிக்கு உயரம் இன்னும் பயம்தான். போன வாரம் முன்னறையில் பல்பு போய்விட்டது. ஸ்டூலைப் போட்டுவிட்டு, “வா, ஏறு” என்று என்னைக் கூப்பிட்டார்.

“டிஷ்ஷே மாட்டினவங்க, இதுக்கு நான் எதுக்கு?”

“அதுக்கு வேற வழியில்லாம இருந்துச்சு. இதுக்குத்தான் நீ இருக்கியே,” என்றார்.

ஏறி மாட்டினேன்.