சீமாட்டியின் இடுப்பு

தெருவில் எல்லோருக்கும் அவள் நாய்க்கார அக்கா. பின்னறையில் லாப்ரடார் வளர்த்துக் குட்டிகளை விற்பவள். அவளுடைய பெண் நாய் சீமாட்டி நடந்து வந்தால் தெருவே வழிவிடும். "பெத்த புள்ளைக்குக்கூட இவ்வளவு சீராட்டு கிடையாது" என்று நாத்தனார் குத்துவாள். அக்கா காதில் போட்டுக்கொள்வதில்லை.

அன்று சீமாட்டியை இரண்டாம் முறை இணை சேர்க்கும் நாள். ஆண் நாயோடு மீசைக்காரர் வந்து கூடத்தில் உட்கார்ந்திருந்தார். அந்த நேரம் பார்த்துத்தான் பஸ் டிரைவர் வந்தார். போன ஈற்றில் குட்டி வாங்கியவர். வளர்ந்துவிட்ட அந்த நாயைக் கைக்குழந்தை போல் தூக்கி வந்திருந்தார். கீழே விட்டதும் அது பின்னங்கால்களை இழுத்தபடி, வாலை ஆட்டிக்கொண்டு அக்காவிடம் வந்தது.

"இடுப்பு மூட்டு சரியா உக்காரலையாம்க்கா. பரம்பரையா வர்றதுன்னு டாக்டர் சொல்றாரு. எங்க அக்கா டெஸ்ட் எடுக்காம விக்க மாட்டாங்கன்னு நான் அடிச்சுச் சொல்லிட்டேன். எம்பொண்ணுதான் மாடிப்படியில ஏத்தி இறக்கிக் கெடுத்துட்டா. ஒரு அறை விட்டேன். நேத்துலேர்ந்து சாப்பிடாம கெடக்குறா."

அக்கா குனிந்து அந்த நாயின் இடுப்பைத் தடவினாள்.

இணை சேர்க்கும் முன் தாய்க்கும் தகப்பனுக்கும் இடுப்பு எக்ஸ்ரே எடுக்கச் சொல்லிக் கால்நடை மருத்துவர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். மயக்க ஊசி போட்டுக் காலை நீட்டி வைத்துத்தான் படம் எடுக்க வேண்டும். முதல் இணைக்கு முன் அவர் ஊசியைக் கையில் எடுத்ததும், சீமாட்டி கண் செருகிக் கிடப்பதை நினைத்தே இவளுக்கு அழுகை முட்டியது. அதை இழுத்துக்கொண்டு வீட்டுக்கு ஓடி வந்துவிட்டாள். சீமாட்டியின் இந்த நடைக்கு எக்ஸ்ரே எதற்கு என்று தன்னைத் தேற்றிக்கொண்டாள். ஆனால் குட்டி வாங்க வந்தவர்களிடம், "எல்லா டெஸ்டும் ஆச்சு" என்று வாய் கூசாமல் சொன்னாள்.

மீசைக்காரர் முந்திக்கொண்டார். "படியில குதிச்சா வேற என்ன ஆகும்? சின்னப் புள்ளைங்க கையில நாயைக் குடுத்தா இப்படித்தான். என்னங்க அக்கா?"

அக்காவின் தலை ஆமாம் என்று ஆடியது. ஆடிய பிறகுதான் அவளுக்கே தெரிந்தது.

"நீங்க சொன்னா சரிதான்க்கா" என்று டிரைவர் கும்பிட்டார். "அடுத்த ஈத்துல எனக்கு ஒண்ணு எடுத்து வைங்க."

அந்தக் கும்பிடு அவளைச் செருப்பால் அடித்தது. தான் முகம்கூடப் பார்த்திராத ஒரு குழந்தை, தன் பொய்க்கு அடி வாங்கிக்கொண்டு பட்டினி கிடக்கிறது.

"டெஸ்ட் எதுவும் எடுக்கல" என்றாள் தரையைப் பார்த்தபடி. "எடுத்தேன்னு பொய் சொன்னேன். பாப்பா மேல தப்பில்ல." பிறகு மீசைக்காரரிடம், "உங்க நாயைக் கூட்டிட்டுப் போயிடுங்கண்ணே. ரெண்டுக்கும் படம் எடுத்துப் பாக்காம இங்க இனிமே இணை கிடையாது."

மீசைக்காரர் தன் நாயை இழுத்துக்கொண்டு வெளியேறினார்.

டிரைவர் திட்டியிருந்தால் தேவலை. நாயைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு, "எங்கிட்ட சொல்லி என்ன பண்ண? அவகிட்ட வந்து சொல்லுங்க" என்று மட்டும் சொன்னார்.

அவர் வீட்டில் உள்ளறைக் கதவு சாத்தியிருந்தது. ஊருக்கெல்லாம் நாய் நல்லது கெட்டது சொல்பவள், மூடிய கதவின் முன் கை கட்டி நின்றாள்.

"பாப்பா, நாய்க்கு நீ ஒண்ணும் பண்ணல. தப்பு என்னோடது."

உள்ளிருந்து அழுது கம்மிய குரல் கேட்டது.

"அப்பாவுக்குத் தெரியுமா?"

அக்கா திரும்பிப் பார்த்தாள். தோளில் கிடந்த நாயின் கழுத்தில் டிரைவர் முகத்தைப் புதைத்துக்கொண்டிருந்தார்.