பத்து நிமிடச் சாப்பாடு

“பத்தே நிமிஷம்மா. கதவை இழுக்காதீங்க. அப்படியே கீழ உக்காந்துக்குங்க. லைட் எரியுதுல்ல? அப்புறம் என்ன பயம்? எங்க ஆளு வந்துட்டே இருக்கார்.”

கைபேசியைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கியபடி இதைச் சொல்லும்போது அவருடைய வலது கை வாணலியில் உருளைக்கிழங்கைப் புரட்டிக்கொண்டிருக்கிறது. இடது கை, நாற்காலியிலிருந்து மேசைக்கும் மேசையிலிருந்து அலமாரிக்கும் ஏறப் பார்க்கும் நான்கு வயதுப் பையனின் சட்டையைப் பின்னாலிருந்து பிடித்திருக்கிறது. பேசி முடித்ததும் குரல் வேறாகிவிடுகிறது. “டேய், எறங்குடா! பத்து நிமிஷம் பொறுக்க மாட்டியா? மனுஷனுக்கு எத்தனை கைடா இருக்கு?”

அவர் லிஃப்ட் மெக்கானிக். குடியிருப்பில் எல்லாருக்கும் அவர் ‘லிஃப்டுக்காரர்’. எங்கள் கட்டடத்தில் லிஃப்டே கிடையாது என்பது வேறு விஷயம். மாலையில் அவருக்கு வேலை இல்லை. ஆனாலும் எங்காவது யாராவது லிஃப்டில் மாட்டிக்கொண்டு அலறினால், பணியிலிருக்கும் ஆள் போய்ச் சேரும்வரை சமாதானம் சொல்ல அவரைவிட்டால் ஆளில்லை என்று கம்பெனிக்காரர்கள் அழைப்பை இவருக்குத் திருப்பிவிடுகிறார்கள். முன்பின் தெரியாதவர்களிடம் அப்படி ஒரு பொறுமை. அந்தப் பொறுமையெல்லாம் அங்கேயே செலவாகிவிடுவதால் வீட்டுக்கு மிச்சம் இருப்பதில்லை.

நான் எதிர்வீடு. வீட்டிலிருந்தபடியே அச்சுப்பிழை திருத்துகிறவன். சமைக்கும்போது புகை போக வேண்டும் என்று அவர் வாசல் கதவைத் திறந்தே வைத்திருப்பார். அதனால் அந்த வீட்டின் இரவுச் சாப்பாடு முழுவதும், தினமும், என் காதில் நடக்கிறது.

அவர் மனைவிக்கு ஆஸ்பத்திரி ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. பள்ளிக்கூடம் திறந்த நாளிலிருந்து மாலை ஷிஃப்ட். பிள்ளைகள் வருவதற்குள் அவர் கிளம்பிவிடுவார். பிள்ளைகளை அழைத்துவருவது, குளிப்பாட்டுவது, சமைப்பது, ஊட்டுவது எல்லாம் லிஃப்டுக்காரர் தலையில். வந்ததும் முதல் வேலையாகச் சோப்புத்தூளில் சர்க்கரையைக் கலந்து கையைத் தேய்ப்பார். சர்க்கரை போட்டால்தான் கிரீஸ் விடுமாம். அப்படித் தேய்த்தும், “அப்பா, முட்டையில லிஃப்ட் வாசனை வருது” என்பான் சின்னவன்.

முட்டை இன்னொரு பெரிய வழக்கு. ஒருநாள் சின்னவன் முட்டை வேண்டுமென்றான். இவர் உடைத்து வாணலியில் ஊற்றினார். பையன் வீறிட்டான். “ஏன் உடைச்சே?” உடைக்காமல் எப்படிப் பொரிப்பது என்று இவர் விளக்கிப் பார்த்தார். “ஒட்ட வை” என்றான் அவன். பொரித்த முட்டையை ஓட்டுக்குள் திரும்ப வைத்து ஒட்டித் தரவேண்டுமாம். “சார், கேட்டீங்களா? ஒட்ட வைக்கணுமாம்!” என்று வராந்தாவுக்கு வந்து, கையில் கரண்டியோடு, என்னிடம் நியாயம் கேட்டார்.

பெரியவளுக்கு ஏழு வயது. சத்தம் போட மாட்டாள். அவளுக்கு ஒரே ஒரு சட்டம்தான்: தட்டில் ஒன்றை ஒன்று தொடக் கூடாது. உருளைக்கிழங்கைப் பட்டாணி தொட்டால் இரண்டும் போச்சு. லிஃப்டுக்காரர் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து எவர்சில்வர் தகட்டை வெட்டி, ஓரம் குத்தாமல் அரத்தால் ராவி, தட்டுக்குள் கச்சிதமாகப் பொருந்தும்படி தடுப்புச் சுவர் செய்து வைத்தார். பட்டாணி ஒரு அறையில், கிழங்கு ஒரு அறையில், ரொட்டி இன்னொன்றில். பெரியவள் தட்டை ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு தள்ளி வைத்தாள்.

“இப்ப என்னம்மா? தொடலையே!”

“தொடல. ஆனா பாத்துட்டு இருக்கு.”

அன்று அவர் சமையலறைச் சுவரில் நெற்றியை முட்டுக்கொடுத்துச் சற்று நேரம் நின்றார்.

இது போதாதென்று கைபேசியில் ஊர்ப்பட்ட வீடியோக்கள். ‘வேலை முடிந்து வந்து பத்தே நிமிடத்தில் செய்யலாம், குழந்தைகள் விரும்பிச் சாப்பிடுவார்கள்.’ இவரும் விடாமல் பார்ப்பார், பார்த்துவிட்டுப் பொருமுவார். “அவன் வெங்காயத்தை ஏற்கெனவே நறுக்கி கிண்ணத்துல வச்சிருக்கான் சார். நறுக்கினது யாரு? அதச் சொல்ல மாட்டான். பாத்திரம் கழுவுறது யாரு? அதையும் காட்ட மாட்டான். குழந்தைங்க விரும்பிச் சாப்பிடுமாம். எந்தக் குழந்தைங்க? ஒண்ணைக் கண்ணுல காட்டச் சொல்லுங்க!”

இதையெல்லாம் கேட்டுச் சிரித்துக்கொண்டிருந்துவிடலாம். ஆனால் பெரியவள் இளைத்துக்கொண்டே போனாள். மதியச் சாப்பாட்டையும் பக்கத்துப் பெண்ணுக்குக் கொடுத்துவிடுகிறாள் என்று வகுப்பாசிரியை சொல்லியனுப்பினார். அப்போதுதான் மனைவியின் அக்கா, பிள்ளைகளுக்குப் பெரியம்மா, களத்தில் இறங்கினார். இரண்டு பையன்களை வளர்த்து ஆளாக்கி வெளியூருக்கு வேலைக்கு அனுப்பிவிட்டவர். பெரிய வீடு, கைநிறைய நேரம். “திங்கள்லேருந்து வெள்ளி வரைக்கும் ரெண்டும் எங்கிட்ட இருக்கட்டும். போட்டதைத் தின்னுட்டுப் போறதுக்கு நான் பழக்குறேன். சாப்பாடுங்கிறது ஒரு ஒழுக்கம்.”

மனைவியும் மெல்ல அந்தப் பக்கம் சாய்ந்தார். “ஒரு மாசம் பார்க்கலாமேங்க. அவ எலும்பும் தோலுமா நிக்கிறதை எத்தனை நாளைக்குப் பார்த்துட்டு இருக்கிறது?” என்று அவர் சொன்னது எனக்கும் கேட்டது. மறுநாள் படிக்கட்டில் லிஃப்டுக்காரர் என்னை நிறுத்திவைத்துப் பொரிந்து தள்ளினார். “திங்கக்கிழமை போட்டுட்டு வெள்ளிக்கிழமை வாங்கிட்டு வர்றதுக்கு அதுங்க என்ன சலவைத் துணியா சார்? பெத்த பிள்ளைக்குச் சாப்பாடு போட வக்கில்லாதவன்னு ஆகிப்போச்சு என் கதை.” கோபமாகத்தான் ஆரம்பித்தார். கடைசியில் முகத்தைத் திருப்பிக்கொண்டு படியிறங்கினார்.

போன மாதம் ஒரு மாலை, நேரில் பார்த்துவிடுவது என்று பெரியம்மா வந்து இறங்கினார். கையில் அடுக்குக் கேரியர். அதில் சோறு, பருப்பு, காய்கறி எல்லாம் ஒன்றாகக் குழைத்த ஏதோ ஒன்று. லிஃப்டுக்காரர் கிழங்கும் பட்டாணியும் முட்டையும் செய்துகொண்டிருந்தார். அந்த நேரம் பார்த்து அழைப்பு. இரண்டு தெரு தள்ளி ஒரு கட்டடத்தில், இரண்டு மாடிகளுக்கு நடுவே லிஃப்ட் நின்றுவிட்டது. பணியிலிருந்த ஆள் வேறொரு இடத்தில் சிக்கியிருந்தார். இவர்தான் போயாக வேண்டும்.

“போய்ட்டு வா தம்பி. நீ வர்றதுக்குள்ள ரெண்டும் சாப்பிட்டுத் தூங்கியிருக்கும்” என்றார் பெரியம்மா.

அவர் கருவிப் பையைத் தூக்கிக்கொண்டு படியிறங்கிய கொஞ்ச நேரத்துக்கெல்லாம் எதிர்வீட்டில் சோற்று விமானம் பறந்தது. அடுத்து போலீஸ் வந்தது. பிறகு ஐஸ்கிரீம் தருவதாகப் பேச்சுவார்த்தை நடந்தது. அதற்கப்புறம் அதட்டல். கடைசியில் என் கதவு தட்டப்பட்டது. பெரியம்மாவின் முன்தலையில் சோற்றுப் பருக்கை ஒட்டியிருந்தது. “சார், நீங்க ஒரு ஆம்பளைக் குரல் கொடுங்க. கொஞ்சம் மிரட்டுங்க.”

என் மிரட்டலுக்குப் பூனைகூட நகராது. இருந்தாலும் போனேன். சின்னவன் மேசைக்கடியில் நாயாகிவிட்டிருந்தான். நாய் தட்டில் சாப்பிடாதாம். பெரியவள் நாற்காலியில் நேராக உட்கார்ந்திருந்தாள். ஒரு கன்னம் உப்பியிருந்தது. பெரியம்மா ஊட்டிய ஒரு வாய்ச் சோறு அப்படியே உள்ளே இருந்தது. மெல்லவும் இல்லை, துப்பவும் இல்லை. சத்தமே இல்லாமல் கண்ணீர் மட்டும் இறங்கிக்கொண்டிருந்தது.

“முழுங்குடி” என்றார் பெரியம்மா. பிறகு, “முழுங்கிடும்மா” என்றார். அடுத்து, குழந்தையின் வாய்க்கு நேராகத் தன் உள்ளங்கையைக் குவித்து நீட்டினார். “துப்பிடு கண்ணு. பரவால்ல, துப்பிடு.”

லிஃப்டுக்காரர் திரும்பியபோது வீடு அமைதியாக இருந்தது. முழங்கைவரை கிரீஸ். மேசையைப் பார்த்தார், மகள் முகத்தைப் பார்த்தார், பெரியம்மா ஈரக் கையைத் துடைத்துக்கொண்டிருப்பதைப் பார்த்தார். கத்தப்போகிறார் என்று நினைத்தேன். கத்தவில்லை.

“யாரும் சாப்பிட வேணாம். விடுங்க. எனக்குப் பசிக்குது, நான் சாப்பிடப் போறேன். யாரும் எங்கிட்டப் பேசாதீங்க.”

கையைக் கழுவினார். தான் செய்த கிழங்கு, பட்டாணி, முட்டை, பெரியம்மா கொண்டுவந்தது எல்லாவற்றையும் ஒரே வாணலியில் கவிழ்த்து, சூடாக்கி, சமையலறைத் தரையில் அலமாரிக் கதவில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். கால்களை நீட்டி, மடியில் துணியைப் போட்டு, அதன்மேல் வாணலியை வைத்துக்கொண்டு பெரிய கரண்டியால் சாப்பிட ஆரம்பித்தார். பசிக்கிற மனிதன் சாப்பிடுவதை அந்தப் பிள்ளைகள் அதற்கு முன் பார்த்ததில்லை என்று நினைக்கிறேன். அவர்கள் எதிரில் அவர் எப்போதும் நின்றுகொண்டு, கெஞ்சிக்கொண்டு, அவர்கள் மிச்சம் வைத்ததை வழித்துப் போட்டுக்கொள்கிறவர்.

முதலில் நாய் வெளியே வந்தது. “லிஃப்டுல யாருப்பா?”

“சாப்பாடு கொண்டு போய்க் கொடுக்கிற அண்ணன்” என்றார், வாய் நிறைய.

“பயந்தாரா?”

“இல்ல. பசின்னாரு.”

பெரியவள் சமையலறை வாசலில் வந்து நின்றாள். “அவர் பையில சாப்பாடு இருந்துச்சில்ல?”

“இருந்துச்சு. சுடச்சுட இருந்துச்சு. வாசனை லிஃப்ட் பூரா.”

“அப்புறம் ஏன் சாப்பிடல?”

“அது வேற யாரோடதோ. அதத் தொட மாட்டேன்னுட்டாரு.”

பெரியவள் யோசித்தாள். இழுப்பறையைத் திறந்து ஒரு ஸ்பூன் எடுத்தாள். தம்பிக்கும் ஒன்று எடுத்தாள். அப்பாவின் ஒரு காலுக்கு ஒருவராக இருவரும் உட்கார்ந்தார்கள். வாணலியில் எல்லாம் எல்லாவற்றையும் தொட்டுக்கொண்டிருந்தது. அவள் ஸ்பூனை உள்ளே விட்டு அள்ளினாள். லிஃப்டுக்காரர் தலையை நிமிர்த்தவே இல்லை. நிமிர்ந்தால் கெட்டுப்போகும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

மறுநாள் இது பலிக்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். அவர் ஆசையாக வாணலியோடு தரையில் உட்கார்ந்தார். “தட்டு வேணும்” என்றாள் பெரியவள். சின்னவன், மாட்டிக்கொண்ட ஆள் யார் என்று கேட்டான். அன்று யாரும் மாட்டிக்கொள்ளவில்லை. “தினம் ஒருத்தனை லிஃப்டுல அடைச்சு வைக்க முடியுமா சார்?” என்று வராந்தாவில் வந்து புலம்பினார். “லிஃப்டுலயாவது என்ன கோளாறுன்னு ஒரு தடவை கண்டுபிடிச்சிட்டா, அடுத்த தடவையும் அதைத்தான் முதல்ல பார்ப்பேன். இதுங்களுக்கு நேத்திக்குப் பலிச்சது இன்னிக்குப் பலிக்காது.” இப்போதும் மாலையானால் அதே புகை, அதே கூப்பாடு. சில நாள் தட்டு காலியாகிறது, சில நாள் அப்படியே இருக்கிறது. பெரியவள் கன்னத்தில் கொஞ்சம் சதை பிடித்திருக்கிறது. பிள்ளைகள் இங்கேதான் இருக்கிறார்கள். கூட்டிக்கொண்டு போகிற பேச்சை யாரும் எடுப்பதில்லை.

அந்தப் பேச்சு நின்றது பெரியம்மா வந்த அன்று மாலையேதான். மூவரும் தரையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது மேசைமேல் இருந்த கைபேசி அடித்தது. ஆஸ்பத்திரியிலிருந்து மனைவி. தினமும் அந்த நேரத்துக்கு அழைத்து, சாப்பிட்டார்களா என்று கேட்பவர். லிஃப்டுக்காரரின் கரண்டி பாதியில் நின்றது. எழுந்தால் இரண்டும் எழுந்துவிடும். எழாவிட்டால் பதில் சொல்வது யார்?

பெரியம்மாதான் எடுத்தார். “ம், நான்தான்டி” என்றார். அந்தப் பக்கம் நீளமாக ஏதோ கேள்வி. பெரியம்மா சத்தமில்லாமல் நாலு எட்டு நடந்து சமையலறை வாசலுக்குப் போனார். குனிந்தார். கைபேசியைக் காதிலிருந்து எடுத்து, வாணலியை மூன்று பேர் சுரண்டும் சத்தம் நன்றாகக் கேட்கும்படி கையை நீட்டிப் பிடித்தார்.