கண்ணாடியை முத்தமிட வந்தவர்கள்

1. முதல் நாள்

வேலையில் சேர்ந்த முதல் நாள், பத்து மணிக்குக் கதவு திறந்து கால் மணி நேரம்கூட ஆகியிருக்காது, அருங்காட்சியகத்தின் அலாரம் அடித்தது. கள்ளனும் இல்லை, நெருப்பும் இல்லை. காவலுக்கு நிறுத்தி வைத்த ஆளே அடிக்க வைத்துவிட்டாள். அந்த ஆள் நான்தான்.

கட்டடம் லண்டனின் நடுவில் இருக்கிறது. பெயர் வேண்டாம். நான் ஓய்வு பெற்றுவிட்டேன், ஆனால் என்னோடு நின்றவர்கள் இன்னும் அங்கே ஷிப்ட் பார்க்கிறார்கள். இரண்டாம் மாடி முழுவதும் பழைய ஆர்மீனியக் கையெழுத்து நூல்கள். பதப்படுத்திய தோலில் கையால் எழுதி, தங்கமும் நீலமும் வைத்துப் படம் தீட்டியவை. கூடத்தின் நடுவில் தனி ஷோகேஸ் ஒன்றில் ஒரு நற்செய்தி நூலை விரித்து வைத்திருந்தார்கள். வெளியார் ஒருவர் இரவலாகக் கொடுத்த நூல் அது.

நான் மன்னார்க்காரி, கத்தோலிக்கக் குடும்பம். மாதா சுரூபம் இருக்கும் கண்ணாடிப் பெட்டியைத் தொட்டு விரலை முத்தமிட்டுப் பழகிய கை இது. அந்தப் பக்கத்தின் ஓரத்தில் சிலுவை ஒன்று தெரிந்தது. மூளை யோசிக்க முதல் கை போய்விட்டது. தொட்டேன், முத்தமிட்டேன், அலாரம் காதைப் பிளந்தது.

எங்கள் சூப்பர்வைசர் சிவபாலன் அண்ணை ஓடி வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், நெற்றியில் திருநீறு இல்லாமல் நான் அவரைக் கண்டதில்லை.

"ஆர் தொட்டது?"

"நான்தான் அண்ணை."

"நீரோ! தொடுற ஆக்களைப் பிடிக்கத்தானே உம்மை விட்டிருக்கு?"

பிறகு பொறுமையாக விளங்கப்படுத்தினார். ஷோகேஸில் அதிர்வை அறியும் சென்சர் இருக்கிறது. "பெயின்ற் செதில் செதிலாக் கழண்டு நிக்குது. ஒரு தட்டுத் தட்டினா உதிர்ந்திடும். பிறகு கடவுளே வந்தாலும் ஒட்ட ஏலாது."

அலாரம் அடித்ததைப் பதிகிற லொக் ஷீட்டில் என் பெயரையும் எழுதினார். அந்த வெட்கம் போக எனக்கு இரண்டு கிழமை எடுத்தது.

2. அனாகித்

அனாகித் புதன்கிழமைகளில் வருவார். எழுபது வயது இருக்கும், உடுப்புத் தைத்துப் பிழைத்த ஆர்மீனியப் பெண். முதல் தடவை வந்தபோது குனிந்து கண்ணாடியையே முத்தமிட்டுவிட்டார். அலாரம் அடிக்க, நான் என் முழுக் குரலிலும் "டோன்ட் டச்!" என்று கத்தினேன். மனிசி நடுங்கிப் போனார். எனக்கே ஒரு மாதிரியாகிவிட்டது.

அவருடைய ஆங்கிலமும் என்னுடைய ஆங்கிலமும் ஏறக்குறைய ஒரே தரம். அதனால் நன்றாக விளங்கிக்கொண்டோம். "வீட்டுக்குள்ளே பெரியவர் ஒருவர் இருக்கும்போது வணக்கம் சொல்லாமல் தாண்டிப் போவாயா?" என்று கேட்டார். பதிலுக்கு, முதல் நாள் நான் செய்த கூத்தைச் சொன்னேன். வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அதோடு சிநேகிதம்.

அவர் பிறகு கை வைக்கவில்லை. ஆனால் அவருடைய ஆட்கள் விடுவார்களா? ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து குடும்பம் குடும்பமாக வந்தார்கள். ஒவ்வொரு குடும்பத்திலும் ஒரு கையாவது கண்ணாடிக்குப் போகும். அறிவிப்புப் பலகை வைத்தோம், கயிறு கட்டினோம். கயிற்றுக்கு மேலால் எட்டி முத்தமிட்டார்கள்.

நூலைப் பாதுகாக்க ஏலாவிட்டால் திருப்பித் தாருங்கள் என்று அதைக் கொடுத்தவரிடமிருந்து கடிதம் வந்தது. நூல்களுக்குப் பொறுப்பான கியூரேட்டர் மிசிஸ் ஹாரிஸ் எங்களைக் கூப்பிட்டு முடிவைச் சொன்னார். வெள்ளிக்கிழமை நூல் ஸ்டோருக்குப் போகும், அதன் இடத்தில் பெரிய போட்டோ ஒன்று வரும்.

ஆனால் அதற்கு மறுநாள் சனிக்கிழமை அனாகித்தின் கோயில் ஆட்கள் ஒரு பஸ் நிறைய வர இருந்தார்கள். அவருடைய அண்ணன் ஹாகோப் அதற்காகவே வெளிநாட்டிலிருந்து வருகிறார். அந்த நூல் எழுதப்பட்ட ஊர்தான் அவர்களுடைய தகப்பனின் ஊர். ஹாகோப்பின் கண்பார்வை போய்க்கொண்டிருந்தது. இன்னும் சில மாதங்கள்தான் என்று டொக்டர் சொல்லிவிட்டாராம். "பயப்படாதீங்க, அவர் பார்ப்பார்" என்று அனாகித்தின் கையைப் பிடித்து வாக்குக் கொடுத்திருந்தேன். யாரைக் கேட்டுக் கொடுத்தேன்? ஒருவரையும் கேட்கவில்லை. என் வாய் அப்படி.

3. தேத்தண்ணி அறை

"போட்டோவைப் பாக்கிறதுக்கு அந்த மனிசன் ஏன் பிளேன் ஏறி வரவேணும்?" என்று சிவபாலன் அண்ணையிடம் பொரிந்து தள்ளினேன். அவர் பாட்டுக்குச் சம்பல் சான்ட்விச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"முத்தமிடுற ஆக்களிலும் பிழை இல்லைத் தங்கச்சி. கும்பிட வாற சனத்துக்கு ஒண்டும் குடுக்காமல் 'தள்ளி நில், தள்ளி நில்' எண்டா எப்பிடி? எங்கட கோயிலைப் பாரும். மூலவருக்குக் கிட்ட ஆரும் போகேலுமோ? அவர் உள்ளுக்கைதான். சனத்துக்கெண்டு வேற விக்கிரகம், எழுந்தருளி, அவர்தான் வெளியில வருவார். தூக்கிறது, சுத்திறது எல்லாம் அவரோடதான்."

என் கையிலிருந்த கோப்பை அப்படியே நின்றது.

"அண்ணை, எங்களுக்கும் அப்பிடித்தான்! பெரிய வெள்ளிக்குப் பீடத்துக்கு மேல இருக்கிற பெரிய சிலுவையையோ முத்தமிடுறம்? வேற சிலுவை ஒண்டைக் கீழ வைப்பினம். ஒராள் துணியோட நிண்டு ஒவ்வொரு முத்தத்துக்கும் துடைப்பார்."

"அப்ப பிறகென்ன? இவைக்கும் ஒரு எழுந்தருளியைக் கொண்டு வாங்கோவன்."

அனாகித்துக்குப் போன் எடுத்தேன். அவர்களுடைய கோயிலில் வெள்ளி அட்டை போட்ட நற்செய்தி நூல் ஒன்று இருக்கிறது, பூசைக்குப் பிறகு எல்லோரும் வரிசையில் வந்து முத்தமிடுவார்கள் என்றார். அதைக் கொண்டு வர ஏலுமா என்று கேட்டேன். "பாதரைக் கேட்கிறேன்" என்றவர் பத்து நிமிடத்தில் திருப்பிப் போன் எடுத்தார். ஓமாம், பாதர் சம்மதித்துவிட்டாராம்.

முன்கூட்டிச் சொல்லாமல் மிசிஸ் ஹாரிஸின் அறைக்குப் போனேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சொன்னார், "ரெஜினா, இது மியூசியம். சேர்ச் இல்லை."

"எனக்குத் தெரியும் மிசிஸ் ஹாரிஸ். வாற ஆக்களின்ர கைக்குத்தான் தெரியாது."

சிரிப்பு வந்தது அவருக்கு, அடக்கிக்கொண்டார். வெள்ளிக்கிழமை எடுக்காமல் சனிக்கிழமை ஒரு நாள் பார்ப்போம், அலாரம் ஒரு தடவை அடித்தாலும் அந்த நிமிடமே நூலை எடுத்துவிடுவேன் என்றார். ஆர் முன்னால் நின்றாலும் சரிதானாம்.

4. சனிக்கிழமை

ஷோகேஸுக்கு ஆறடி முன்னால் ஸ்டாண்ட் வைத்து, பட்டுத்துணி விரித்து, வெள்ளி அட்டை நூலை வைத்தோம். பக்கத்தில் நான் வெள்ளைத் துணியோடு நின்றேன். ஒருவர் முத்தமிடுவார், நான் துடைப்பேன், அடுத்தவர் வருவார். முத்தமிட்ட ஆட்கள் நெஞ்சில் கை வைத்தபடி ஷோகேஸைச் சுற்றி நின்று பார்த்தார்கள். ஒரு விரல்கூடக் கண்ணாடிக்குப் போகவில்லை. மிசிஸ் ஹாரிஸ் வாசலில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

கடைசியாக ஹாகோப் வந்தார், கையில் தடி. வெள்ளி அட்டையை முத்தமிட்டுவிட்டு ஷோகேஸுக்குப் போனார். நூலின் நிறம் மங்கிவிடாதபடி அங்கே வெளிச்சத்தைக் குறைத்து ஐம்பது லக்ஸில்தான் வைப்போம், நல்ல கண்ணுக்கே மங்கல். மனிசனுக்கு ஒன்றும் தெரியவில்லை. குனிந்தார். இன்னும் குனிந்தார். மூக்குக்கும் கண்ணாடிக்கும் ஒரு விரல் இடைவெளிதான். சிவபாலன் அண்ணையின் கை இடுப்பிலிருந்த காவல் ரேடியோவுக்குப் போனது.

மாதாவே! கத்தினால் திடுக்கிட்டுத் தலையை முட்டிவிடுவார். துணியைப் போட்டுவிட்டுப் போய் மெல்ல அவர் முழங்கையைப் பிடித்தேன்.

கண்ணாடிக்குக் கிட்டப் போகப் போக விளக்குத்தான் அதில் மினுங்கும், எழுத்துத் தெரியாது. கண் கூசாத ஒரு இடம் உண்டு. இடது மூலையில், ஒன்றரை அடி பின்னால். நாள் முழுக்கக் கால் கடுக்க நிற்கிறவளுக்குத்தான் அது தெரியும், கியூரேட்டருக்குத் தெரியாது. அவரைப் பின்னால் நகர்த்தி அங்கே நிறுத்தினேன்.

ஹாகோப் தடியை அனாகித்திடம் கொடுத்துவிட்டு, இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, பெரிய எழுத்தில் இருந்த முதல் வரியை உரக்க வாசித்தார். அடுத்த வரியை இன்னொரு குரல் சொன்னது. பிறகு எல்லோரும் அதைப் பூசையில் பாடுகிற மாதிரியே பாடத் தொடங்கிவிட்டார்கள். கூடத்தில் பாடக் கூடாது என்று சட்டம். ஆர் நிறுத்துவது? பாட்டின் அதிர்வுக்கே அலாரம் அடித்துவிடுமோ என்று நான் சென்சரின் சின்ன விளக்கையே பார்த்துக்கொண்டு நின்றேன். பாட்டு முடியும்வரை பச்சை, பச்சை, பச்சை.

சிவபாலன் அண்ணை லொக் ஷீட்டில் 'அலாரம்: இல்லை' என்று எழுதி, கீழே இரண்டு கோடு போட்டார். மிசிஸ் ஹாரிஸ் என்னிடம் வந்து, "ஸ்டாண்டை எடுக்க வேண்டாம்" என்று மட்டும் சொன்னார். எனக்கு அது போதும். இரவல் காலம் முடியும்வரை நூல் அதே இடத்தில் இருந்தது, ஒரு செதில்கூட உதிரவில்லை.

இந்த வேலைக்கு இப்போது வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். தொடாதே என்று சொல்ல எந்தப் பலகைக்கும் ஏலும். வந்தவர் எதற்காகக் கையை நீட்டுகிறார் என்று பாருங்கள், அதற்கு ஒரு வழி செய்து கொடுங்கள். எங்கே நின்றால் நன்றாகத் தெரியும் என்று காட்டுங்கள். அதுதான் எங்கள் வேலை.

அந்த மாரிகாலத்தில் அனாகித் போன் எடுத்தார். ஹாகோப்புக்குப் பார்வை முற்றாகப் போய்விட்டது. இனி ஒன்றும் செய்ய முடியாது என்று டொக்டர் சொன்னபோது அவர், "பரவாயில்லை, நான் பார்த்துவிட்டேன்" என்றாராம்.

போனை வைத்துவிட்டு வெம்பிளி வீட்டுக் குசினியில் தனியே நின்று ஹாகோப்புக்காகக் கை தட்டினேன். அழுதுகொண்டுதான் தட்டினேன், ஆனால் நன்றாகத் தட்டினேன்.