தம்பிக்கென்று நான் தெரிவுசெய்த வாசகம்

போன மார்கழியில் என் தம்பி அன்ரனுக்கு எலிக்காய்ச்சல் வந்தது. சாதாரணக் காய்ச்சல்தானே என்று இரண்டு நாள் வீட்டில் கிடந்தவனை மூன்றாம் நாள் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அன்றே மூச்சுவிட முடியாமல் மெசினில் போட்டுவிட்டார்கள். "சொந்தக்காரர் பாக்க வேணுமெண்டா இப்ப வந்து பாக்கச் சொல்லுங்கோ" என்றார் டொக்டர். நானும் ஓடினேன். நான்கு வருடமாக நான் அவனோடு கதைக்கவில்லை.

விஷயம் பெரிதல்ல. நாங்கள் குருநகர் ஆட்கள், கடல்தான் தொழில். ஒரு விடியலில் அவனுடைய படகு என் நண்டு வலைக்கு மேலாக ஓடி அதைக் கிழித்துவிட்டது. பனிமூட்டத்தில் வலையின் மிதவைக்கொடி தெரியவில்லை என்றான். நான் கரையில் எல்லார் முன்னாலும், "நீ எனக்குத் தம்பியில்லை" என்று சொல்லிவிட்டேன். அதோடு முடிந்தது. ஞாயிறு பூசையில் சமாதானம் கொடுக்கும் நேரம் எல்லாரையும் பார்த்துக் கும்பிடுவேன். அவன் இருக்கிற பக்கம் மட்டும் திரும்பமாட்டேன்.

வெட்கம் என்னவென்றால், கோயிலில் வேதம் வாசிப்பவன் நான்தான். மைக் இல்லாமலே கடைசி வாங்கில் இருப்பவருக்கும் கேட்கும் குரல் என்று எனக்குப் பெரிய எண்ணம். அந்த மார்கழிக்கு முந்திய தவக்காலத்தில் ஒரு வெள்ளிக்கிழமை, சிலுவைப்பாதை முடிந்தபின் வாசிக்க ஒரு பகுதியை என்னையே தெரிவுசெய்யச் சொன்னார் சுவாமியார். சகோதரனைப் பகைப்பவன் கொலைகாரன் என்று எச்சரிக்கும் பகுதியை எடுத்தேன். தம்பிக்கு உறைக்கட்டும் என்றே எடுத்தேன். மூன்றாம் வாங்கில் இருந்தவனைப் பார்த்துப் பார்த்து வாசித்தேன். பகைத்துக்கொண்டிருந்தவன் நான் என்பது என் மண்டையில் ஏறவேயில்லை.

அவனுக்கு உறைத்தது. அடுத்த நாள் காலை என் வீட்டு வாசற் படலையில் வந்து நின்றான். "மச்சாள், அண்ணை நிக்கிறாரோ?" என்று என் மனைவியிடம் கேட்டான். நான் உள்ளே இருந்துகொண்டு, "நான் கடலாலை வந்து படுத்திட்டன் எண்டு சொல்லு" என்றேன். அவன் போய்விட்டான். நான் வென்றுவிட்டதாக நினைத்தேன்.

ஆஸ்பத்திரி விறாந்தையில் செபமாலையைப் பிடித்துக்கொண்டு இருந்தேன். "காப்பாற்றும்" என்று கேட்க வாய் வரவில்லை. எந்த முகத்தோடு கேட்பது? "ஆண்டவரே, ஒருதரம் அவன் கண் திறக்கட்டும். நான் மன்னிப்புக் கேட்க வேண்டும்" என்று மட்டும் அழுதேன். அவனுடைய மனைவி என்னைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவளில் பிழையில்லை.

மெசினில் போட்டு மூன்றாம் நாள் அவன் தானாக மூச்சுவிட, குழாயை எடுத்தார்கள். டொக்டர்மாரே எதிர்பார்க்கவில்லை. உள்ளே போனேன்.

"தம்பி, என்னை மன்னிச்சுக்கொள்ளடா. அண்டைக்கு நான் படுக்கேல்லை."

"தெரியும் அண்ணை" என்றான். குரலே இல்லை. "உங்கடை சத்தம் படலைக்குக் கேட்டது."

நான் கட்டிலைப் பிடித்துக்கொண்டு அழுதேன். "அண்டைக்கு வாசிச்சது எனக்கடா, உனக்கில்லை" என்றேன். "ரெண்டு பேருக்கும்தான்" என்றான். அடுத்த நாளும் போய்ப் பக்கத்தில் இருந்தேன். கஞ்சி பருக்கினேன். அன்று பின்னேரம் மறுபடி மூச்சு முட்டியது. விடிய முதல் எங்களை விட்டுப் போய்விட்டான்.

இனி வாசிக்கமாட்டேன் என்று சுவாமியாரிடம் சொன்னேன். "வாசியும். ஆனா முதல் உமக்கு வாசியும்" என்றார். இப்போது எந்த வாசகத்தையும் வீட்டில் தனியே இருந்து எனக்கே வாசித்துவிட்டுத்தான் கோயிலுக்குப் போகிறேன். சில நாட்களில் பாதியில் நிறுத்திவிட்டு, யாரிடமாவது மன்னிப்புக் கேட்கப் போகவேண்டியிருக்கிறது.

தண்டிக்கத்தான் வேண்டும் என்றிருந்தால் ஆண்டவர் முன்கூட்டியே சொல்லி எச்சரித்திருக்கமாட்டார். அவருடைய எச்சரிப்பும் இரக்கம்தான். அதைப் பக்கத்து வாங்கில் இருப்பவருக்குத் தள்ளிவிடாதீர்கள். நான் கேட்டதற்கு மேலாகவே அவர் தந்தார், அதற்கு நன்றி சொல்லி முடியாது. ஆனால் எனக்குக் கிடைத்தது இரண்டே நாள். உங்களுக்கு அவ்வளவாவது கிடைக்கும் என்று என்னால் சொல்ல முடியாது. இன்றைக்கே போங்கள்.