அண்ணன் நோட்டில் ஏறிய என் சொல்

அண்ணனின் இந்த நினைவு மலரில் எழுதக் கூடாத ஆள் ஒருவன் உண்டென்றால் அது நான்தான். சித்தப்பா எழுதினால் நாலு பேர் சிரிப்பார்கள் என்று அண்ணன் பிள்ளைகள் என்னிடம் ஒப்படைத்துவிட்டார்கள். சிரிப்புக் காட்டுவதைத் தவிர இந்த வயது வரை நான் எதையும் உருப்படியாகச் செய்ததில்லை. அதிலும் ஒருமுறை அண்ணனைக் கெடுத்தேன்.

அண்ணன் பிறந்தது ஆலந்தலையில். அப்பா படுக்கையில் விழுந்ததும் படிப்பை விட்டு, தூத்துக்குடித் துறைமுகத்தில் சரக்கு எண்ணிக் குறிக்கும் வேலைக்குப் போனார். எங்களைப் படிக்க வைத்தார். நான் படித்த லட்சணம் ஊருக்கே தெரியும்.

தோணிக்காரர் பேச்சைக் கேட்டுக் கேட்டுச் சொற்கள் மேல் அவருக்குப் பித்து. ஞாயிறு பூசை முடிந்ததும் கயிற்றுக்கடை அண்ணாச்சி வீட்டு மாடியில் ஐந்தாறு பேர் கூடுவார்கள். சாவியும் மேசையும் போர்த்துக்கீசியரோடு வந்து இறங்கிய கதை, முத்துக்குளிப்புக்குச் சலாபம் என்று பெயர் வந்த காரணம், இப்படி மதியச் சோறு ஆறிப்போகும் வரை வாதாடுவார்கள். ஒரு சொல்லை இரண்டு பேர் தனித்தனியாகச் சொன்னால்தான் அண்ணன் நோட்டில் ஏற்றுவார். இருவர் பெயரும் பக்கத்தில் இருக்கும்.

நான் சும்மா இருந்திருக்கலாம். தோணியை விட்டு இறங்கிய பின்னும் காலில் நிற்கிற ஆட்டத்துக்கு ‘மரந்தேல்’ என்று பெயர், ஆறுமுகநேரியில் ஒரு கிழவர் சொன்னார், போர்த்துக்கீசு மாலுமிகள் விட்டுப்போனது என்று அளந்துவிட்டேன். கிழவரும் இல்லை, சொல்லும் இல்லை. இரண்டு நாளில் உண்மையைச் சொல்லிச் சிரிக்கலாம் என்றிருந்தேன். அண்ணன் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்துத் தள்ளிப்போட்டேன்.

நோட்டைப் புத்தகமாக்க அண்ணாச்சி ஏற்பாடு செய்தார். அதற்கான கூட்டத்தில் அண்ணன் முதலில் வாசித்ததே மரந்தேலைத்தான். போர்த்துக்கீசு தெரிந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் எழுந்து, அப்படி ஒரு சொல் போர்த்துக்கீசில் இல்லவே இல்லை, இது ஒன்று கட்டுக்கதை என்றால் மற்றவை மட்டும் என்ன நிச்சயம் என்று கேட்டார். கூட்டம் சிரித்தது. மூன்றாம் வரிசையில் நான் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

திரும்பும் பேருந்தில் அண்ணன் கேட்டார்.

“ஏலே, நீ காதால கேட்டதுதானல?”

“ஆமாண்ணே.”

அதன்பின் அவர் கேட்கவில்லை. புத்தகம் நின்றது. அவர் மாடிக்குப் போவதும் நின்றது. மூச்சிரைப்பு முற்றி, கடைசி மாதங்களில் கட்டிலோடு கிடந்தபோதும் நான் பக்கத்தில் உட்கார்ந்து வேடிக்கை பேசினேனே ஒழிய, இதைச் சொல்லவில்லை.

அடக்கம் முடிந்த பிறகு மதினி அந்த நோட்டை என் கையில் கொடுத்தார். எல்லாச் சொல்லுக்கும் பக்கத்தில் இரண்டு பெயர். மரந்தேலுக்கு மட்டும், ‘தம்பி, தம்பி’.

அண்ணனை இரவு பகலாகப் பார்த்த மதினிக்கும், தோள் கொடுத்துத் தூக்கிய துறைமுகத் தோழர்களுக்கும், ஆண்டு நினைவுப் பூசைக்கு வந்த அனைவருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

போன வாரம் நோட்டோடு அண்ணாச்சி கடைக்குப் போனேன். அந்த ஒரு சொல் நான் கட்டியது, மற்றதெல்லாம் அண்ணன் கேட்டு எழுதிய நிஜம், புத்தகம் போடுங்கள் என்று கெஞ்சினேன். அவர் கயிறு அளப்பதை நிறுத்தவில்லை.

“நீ சொன்னா யாருல நம்புவா?”