நம்பிக்கையைத் திருப்பி எடுத்த நாள்

'டிஃபை' என்ற ஆங்கில வினைச்சொல்லுக்குப் பள்ளிக்கூட அகராதியில் 'மீறு, எதிர்த்து நில்' என்று போட்டிருக்கும். பரீட்சைக்கு அது போதும். எனக்குப் போதாமல், ஒருநாள் நூலகத்தில் பெரிய அகராதியை எடுத்துப் புரட்டினேன். லத்தீனில் 'நம்பிக்கைக்கு உரிய' என்று பொருள்படும் ஒரு சொல்லும், அதன் முன்னால் விலகலைக் காட்டும் ஓர் ஒட்டும் சேர்ந்து, பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்த சொல் அது. உன் மேல் வைத்த விசுவாசத்தை இன்றோடு விலக்கிக்கொள்கிறேன் என்று அறிவிப்பதுதான் அதன் ஆதிப் பொருள். ஒரு பிரபுவுக்குக் கட்டுப்பட்டவன், அவன்மேல் ஆயுதம் எடுப்பதற்கு முன் அதை வெளிப்படையாகச் சொல்லிவிட வேண்டுமாம். சொல்லாமல் தாக்கினால் துரோகி என்று பெயர்.

படித்துவிட்டு நூலகம் என்றும் பாராமல் சிரித்தேன். கச்சிராயபாளையம் பக்கத்தில், ஒரு கரும்புக் கொல்லையின் வரப்பில் நின்று, என் அம்மா இதை அச்சு அசலாகச் செய்திருக்கிறாள். அவளுக்குக் கைநாட்டு மட்டும்தான் தெரியும்.

எங்கள் தெருவில் எல்லாருமே கரும்பு வெட்டுகிறவர்கள். கரும்புத் தோகை வேய்ந்த கூரை. மழை வந்தால் ஒழுகும், மழை இல்லாதபோது எலி. அதனால் குடும்ப அட்டை, சாதிச் சான்றிதழ், மதிப்பெண் பட்டியல் எல்லாவற்றையும் ஆளுக்கொரு மஞ்சள் பையில் போட்டு, நாங்கள் வருசாவருசம் வெட்டப் போகும் கொல்லைக்காரர் வீட்டு இரும்பு பீரோவில் கொண்டுபோய் வைப்போம். அவர் கேட்டு வாங்கவில்லை. நாங்களேதான் போய், "உங்க வூட்ல இருந்தா பத்திரமா இருக்கும்ங்க" என்று கைகட்டி நின்று கொடுத்தோம். அந்த மடத்தனத்தை நினைத்தால் இப்போதும் என் தலையில் நானே அடித்துக்கொள்ளலாம் போலிருக்கிறது.

அரசுப் பள்ளி ஆசிரியர் தேர்வில் நான் தேறினேன். திங்கட்கிழமை சென்னையில் சான்றிதழ் சரிபார்ப்பு. அசல் கையில் இல்லாவிட்டால் வேலை அடுத்த ஆளுக்குப் போய்விடும். அசல் எல்லாம் அந்த பீரோவில் இருந்தது. கொல்லைக்காரரின் மகனும் அதே தேர்வை எழுதியிருந்தான். அவன் தேறவில்லை.

முதல் நாள் போய்க் கேட்டேன். சாவி மருமகளிடம் இருக்கிறது, அவள் திருக்கோவிலூர் போயிருக்கிறாள் என்றார். மறுநாள் மருமகள்தான் எனக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். சாவி அவள் இடுப்பில் தொங்கியது. மூன்றாம் நாள் அவரே வாயைத் திறந்தார்.

"இன்னாம்மா அவசரம்? வெட்டு முடியட்டும். நீ வேலைக்குப் போயி இன்னா கிழிக்கப் போற?"

வெட்டு முடியப் பத்து நாளாகும். அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். வீட்டுக்கு வந்து அம்மாவிடம் அழுதேன். அவள் எழுந்துபோய்த் தெருவில் ஒவ்வொரு வீடாகப் பேசிவிட்டு வந்தாள்.

வியாழக்கிழமை காலை சர்க்கரை ஆலையின் வெட்டு ஆர்டர் வந்து, லாரியும் வந்து நின்றது. அந்தக் கொல்லையில் முதல் வெட்டு எப்போதும் அம்மாவுடையது. அவள் கை ராசியான கை என்பார்கள். சனி மூலையில் கற்பூரம் ஏற்றி, கொல்லைக்காரர் கத்தியை எடுத்துக் கொடுக்க, அவள் வாங்கி வெட்டினால்தான் மற்றவர்கள் கரும்பில் இறங்குவார்கள். அன்றும் கொடுத்தார். அம்மா வாங்கி, அவர் காலடியிலேயே வைத்தாள்.

"இத்தினி வருசம் உங்கள நம்பி வச்சிருந்தோம்ங்க. இன்னியோட அந்த நம்பிக்க இல்ல. எங்க பைய குடுத்துடுங்க."

"யார் பைய?"

"எல்லார் பையும்ங்க."

பின்னால் தெருவே கத்தியைக் கீழே போட்டுவிட்டு நின்றது. லாரிக்காரர் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தார். கொல்லைக்காரர் மலையிலிருந்து ஆள் இறக்குவேன் என்று மிரட்டினார். கல்வராயன் மலையாட்கள் கேரளாவுக்கு மிளகு பறிக்கப் போயிருந்தது ஊருக்கே தெரியும். கடைசியில் பீரோ திறந்தது. இருபத்திரண்டு மஞ்சள் பைகள் வெளியே வந்தன.

"எடுத்துக்கினீங்க இல்ல? போயி வெட்டுங்க" என்றார்.

ஒருவரும் வெட்டவில்லை. நேராக வடக்கனந்தல் போய் வேறொருவர் கொல்லையில் இறங்கினார்கள். லாரி காலியாகத் திரும்பியது. ஆலையில் அவருடைய முறை தள்ளிப்போய், கரும்பு வெயிலில் நின்று காய்ந்தது. பேருந்தில் அந்த வழியாகப் போகும்போதெல்லாம் ஜன்னலோரம் உட்கார்ந்து அதை ஆசை தீரப் பார்த்தேன். வயிறு குளிர்ந்தது. அதைச் சொல்ல எனக்கு வெட்கமே இல்லை.

ஒரு கட்டளையைச் செய்யாமல் விட்டுவிடுவதற்கு ஆங்கிலத்தில் 'டிஸ்ஒபே' என்று வேறு சொல் இருக்கிறது. பணியாமல் தாக்குப்பிடிப்பதற்கு 'ரெசிஸ்ட்' என்று இன்னொன்று. அதைச் சத்தமில்லாமலும் செய்யலாம். பிடிக்காத வேலைக்குக் கூப்பிட்டால் காய்ச்சல் என்று படுத்துக்கொள்வோமே, அது அந்த வகை. 'ஐ டிஃபை யூ' என்று இன்று சொன்னால், முடிந்தால் செய்து காட்டு என்று சவால் விடுவதாக அர்த்தம். எப்படிப் பார்த்தாலும் இந்தச் சொல்லுக்கு எதிராளி எதிரில் நிற்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நான் சென்னைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது கொல்லைக்காரர் வந்தார். எங்கள் தெருவுக்குள் அவர் கால் வைத்து அதுவரை நான் பார்த்ததில்லை. குடிசை வாசலில் குனிந்து, "அம்மா இருக்குதா? வெட்டுக்கு வரச் சொல்லும்மா" என்றார். என்னை அவர் 'வாம்மா போம்மா' என்று பேசியிருக்கிறார், கெஞ்சியது அன்றுதான்.

இப்படி யாராவது வந்து நின்றால் எங்கள் தெருவில் ஒரே பதில்தான்: வூட்ல இல்லீங்க. நானும் அதைச் சொல்ல வாயெடுத்துவிட்டேன். உள்ளே எனக்குப் புளிச்சோறு கட்டிக்கொண்டிருந்த அம்மா குரல் கொடுத்தாள்.

"இருக்குதுன்னு சொல்லு. வராதுன்னும் சொல்லு."

சொன்னேன். அவருக்குக் காது நன்றாகவே கேட்கும். இருந்தாலும் இன்னொரு முறை சொன்னேன்.